வழியில் போனவன்

விமல்ராஜ் செத்துப் போய் எட்டு மாதம் கழித்து, நல்ல வெயில் நேரத்தில், தன் அம்மாவின் போனில் வந்து பேசினான்.

பிள்ளையார்பாளையத்துச் சந்து வீட்டில் அப்போது இருந்தது இரண்டே பேர். தறியில் அவன் அம்மா பெரியநாயகி. எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் லேப்டாப்பும் கையில் ஆறிப்போன டீயுமாக திரிஷா. வெளியே யாரோ சாயப் பட்டு அலசிய தண்ணீர் சாக்கடையில் ரோஜா நிறமாக ஓடிக்கொண்டிருந்தது. கீரை வண்டிக்காரன் கத்திக்கொண்டு போனான். பேய் பிசாசு என்று நினைத்துப் பார்க்கக்கூட லாயக்கில்லாத வேளை.

"யம்மா" என்றது போன்.

மிதிக்கட்டையை அழுத்திய கால் அப்படியே நின்றது. இழைகளுக்கு நடுவே வீசப்போன நாடா பெரியநாயகியின் கையிலேயே தங்கிவிட்டது.

"யம்மா, ஒருத்தன் பூட்டாம்மா."

குரலுக்குள் ஒரு சிரிப்பு ஒளிந்துகொண்டிருந்தது. திரிஷாவால் தாங்க முடியாதது அந்தச் சிரிப்பைத்தான். அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். 'பொறந்த எடத்துலயே பூட்டான்' என்று வரும். இத்தனை மாதத்தில் நாலைந்து முறை வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதேதான்.

இன்றைக்கு அது வரவில்லை.

"வழியில பூட்டாம்மா. வூடு எதுன்னு தெரியல. தேடணும்."

போன் அடங்கியது. பெரியநாயகி நாடாவை மெதுவாகத் தறிமேல் வைத்தாள்.

பயப்படும்படி இதில் ஒன்றுமில்லை என்று திரிஷா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எல்லாம் அவளுக்குத் தெரிந்த கதை. அவளும் விமல்ராஜும் சென்னையில் ஒரே பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்தவர்கள். நட்சத்திரங்கள் ஒவ்வொரு கேலக்ஸியிலும் எந்த இடத்தில் வெடித்துச் சாகின்றன என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. வெடிப்புக்குப் பெயர் சூப்பர்நோவா. விமல் ஒரு ப்ரோக்ராம் எழுதினான். பெரிய நட்சத்திரம் ஒன்று வெடித்ததாக உலகத்தின் எந்த மூலையிலிருந்து சேதி வந்தாலும், அவன் கையால் குறித்து வைத்த மேப்பில் அது விழுகிற இடத்தை ப்ரோக்ராம் பார்க்கும். நட்சத்திரங்கள் பிறக்கும் மேகத்துக்குள் விழுந்தால் ஒரு சேதி. வெட்டவெளியில் விழுந்தால் இன்னொன்று.

அந்தச் சேதியைத் தன் குரலிலேயே பேசிப் பதிந்து, அம்மாவின் போனுக்கும் போகிற மாதிரி செய்தது அவனுடைய குறும்பு. "எங்கம்மா மெசேஜ்லாம் படிக்காது. புள்ள இன்னா படிக்கிறான்னு அதுக்கும் தெரிய வேணாமா?" என்றான். அப்புறம் ஒருநாள் மோட்டார் சைக்கிளில் போனவன் ஹைவேயில் லாரியடியில் போய்விட்டான். ஊருக்கெல்லாம் சொன்னார்கள். ப்ரோக்ராமுக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

அதை நிறுத்தத்தான் திரிஷா வந்திருந்தாள். விமலின் தங்கை பிரியதர்ஷினிதான் போன் போட்டுக் கூப்பிட்டது. "அக்கா, அம்மா சாப்பிடும்போது கூட போன மடியில வெச்சிக்கினு இருக்குதுக்கா. எனுக்கே இப்பல்லாம் வூட்டுக்குள்ள வரதுக்கு ஒரு மாதிரி இருக்குது. நிறுத்திடுங்கக்கா, ப்ளீஸ்." முசரவாக்கத்தில் இருக்கும் தன் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் வரும் வழியெல்லாம் எப்படிப் பேச்சை எடுப்பது என்று யோசித்துக்கொண்டே வந்தாள். டீ ஆறியது. பேச்சு வரவில்லை. அதற்குள் அவன் பேசிவிட்டான்.

"பாப்பா" என்றாள் பெரியநாயகி. "வழியில பூட்டான்னா இன்னா?"

"ஆன்ட்டி, அது நட்சத்திரத்தப் பத்தி மிஷின் சொல்றது..."

"மிஷின்னு நூறு தபா சொல்லிக்கிறே. சரி. நட்சத்திரத்தப் பத்தியே சொல்லு."

திரிஷா சொன்னாள். அன்று அவள் செய்த தவறு அதுதான்: ஒன்று விடாமல், உள்ளது உள்ளபடி சொன்னாள்.

"நட்சத்திரம் தனியா பொறக்காது ஆன்ட்டி. பெரிய மேகம் ஒண்ணு இருக்கும். அது அமுங்கி அமுங்கி, உள்ள ஒரே சமயத்துல நூறு, ஆயிரம்னு பொறக்கும்."

"ஒரே பிரசவமா?"

"அப்படித்தான். சின்னதா பொறந்தது நிதானமா எரியும். நம்ம சூரியன் மாதிரி. ஆயிரம் கோடி வருஷம் இருக்கும். பொறந்த எடத்த வுட்டு எங்கெங்கயோ பூடும். பெருசா பொறந்தது இருக்குதே, அதுக்கு அவசரம். கையில இருக்கிறத மொத்தமா வாரிக் கொட்டி எரிச்சிடும். அதுக்கு ஆயுசு கம்மி. மேகம் கலையறதுக்குள்ளயே வெடிச்சிடும். அதனால பெருசு எங்க செத்துதோ, பெரும்பாலும் அதுதான் அது பொறந்த எடம். நாங்க வெடிச்ச எடத்த வெச்சே, அந்த கேலக்ஸியில புள்ளைங்க பொறக்கிற எடம் எதுன்னு கண்டுபுடிப்போம்."

"இவன்?"

"இவனச் சுத்தி மேகம் எதுவும் இல்ல. கும்மிருட்டு. சில சமயம் ஜோடியா இருக்கிற நட்சத்திரத்துல ஒண்ணு வெடிக்கும்போது இன்னொண்ண வீசி எறிஞ்சிடும். அது ஓடிக்கினே இருக்கும். எங்கயோ வெளிய போய்ச் சாவும்."

"வூட்டாண்ட வந்து சேரல."

"ஆன்ட்டி..."

"ஆயுசு கம்மி. வழியில பூட்டான். வூடு தெரியல." பெரியநாயகி விரல் மடக்கிச் சொன்னாள். குரலில் அழுகை இல்லை. "நீதாம்மா சொன்னே. நானா எதையும் சேக்கல."

தறிக்குழியிலிருந்து காலை எடுத்தாள். மேல் ஊக்கில் தொங்கிய துண்டை எடுத்து முகம் துடைத்தாள். போனை இடுப்பில் செருகினாள். மூலையிலிருந்த குடத்தைத் தூக்கிக்கொண்டாள். "கொழாயில தண்ணி வர்ற நேரம்" என்று வெளியே போனாள்.

திரிஷா தனியாக உட்கார்ந்திருந்தாள். தறி ஓடாத தறிவீடு ஒரு மாதிரி இருந்தது. எதிரே வாசற்படி. அதைப் பார்க்காமல் இருக்க அவளால் முடியவில்லை.

எட்டு மாதத்துக்கு முன் அந்தப் படிக்கு வெளியே, தெருவில், ஷாமியானா பந்தலுக்குக் கீழே ஐஸ் பெட்டியில் விமலைக் கிடத்தியிருந்தார்கள். திரிஷா எதிர்வீட்டுச் சுவரோரம் நின்றிருந்தாள். வெளியில், ரோட்டில், துர்மரணமாய்ப் போனவனை வீட்டுக்குள் எடுக்கக் கூடாது என்று தாய்மாமன் துரைக்கண்ணு படியை மறித்து நின்றார். பெரியநாயகி மூன்று முறை கேட்டாள். "ஒரு நிமிசம்ணே. உள்ள எடுத்தாந்து தறியாண்ட வெச்சிட்டு எடுத்துடலாம்ணே. இதே வூட்டுல பெத்தேன்ணே அவன." ஆட்டோ வர நேரமாகித் தறிக்குப் பக்கத்திலேயே பிறந்த பிள்ளை அவன். துரைக்கண்ணு நகரவில்லை. வழக்கம் என்றார். இருக்கிறவங்களுக்கு ஆகாது என்றார். தெருவே தலையாட்டியது. அங்கிருந்தே தூக்கிக்கொண்டு போனார்கள்.

பெரியநாயகி இத்தனை மாதமாக அந்தக் குரலைக் கேட்டது ஏன் என்று திரிஷாவுக்கு இப்போதுதான் உறைத்தது. பொறந்த எடத்துலயே, பொறந்த எடத்துலயே என்று அது ஒவ்வொரு முறையும் அவளுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. இன்றைக்கு அதே குரல் வேறு சொல்லிவிட்டது.

வாசலில் செருப்புச் சத்தம். வந்தது பிரியதர்ஷினி. காந்தி ரோட்டில் புடவைக் கடையில் வேலை. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவாள். அவள் இடுப்பில் காலிக் குடம் இருந்தது.

"அம்மா எங்கக்கா? கொழாயாண்ட கொடம் மட்டும் நின்னுச்சு."

திரிஷா லேப்டாப்பை இறக்கி வைத்துவிட்டு எழுந்தாள்.

*

விஷயம் தெரிய வெகுநேரம் ஆகவில்லை. தெருமுனை ஆட்டோக்காரன் கமல் போனிலேயே சொல்லிவிட்டான். "முசரவாக்கம் கூட்ரோட்ல எறக்கி வுட்டேன்பா. சொந்தக்காரங்க வூட்டுக்குப் போறேன்னுச்சு. ஏன், இன்னா ஆச்சு?"

முசரவாக்கம் கூட்ரோடு. பெங்களூர் ஹைவே. விமல் விழுந்த இடம்.

பிரியதர்ஷினி அம்மாவுக்குப் போன் போட்டாள். நாலாவது தரம்தான் பெரியநாயகி எடுத்தாள். பேச்சு கேட்பதற்கு முன்னால் லாரிகளின் இரைச்சல் கேட்டது.

"அம்மா! எங்கமா இருக்கிறே?"

"அவனத் தேடினுகிறேன்டி. இங்கதான் எங்கயோ நிக்கிறான். வழி தெரியாம நிக்கிறான்."

"யம்மா, ஓரமா வாம்மா! ரோட்ட வுட்டு ஓரமா வா!"

"ஓரத்துல இருந்து கூப்ட்டா அவனுக்குக் கேக்கலடி."

போன் அறுந்தது.

துரைக்கண்ணுவுக்குத் தகவல் போனது. கட்சியில் வட்டப் பொறுப்பு, பெரிய தொப்பை, அதைவிடப் பெரிய குரல். "இப்பவே கார எடுக்கிறேன். தூக்கிப் போட்டுனு வந்துடறேன். பொம்பளைங்களுக்கு போனு எதுக்குன்னு நான் அன்னிக்கே சொன்னேன்!" என்று போனிலேயே இரைந்துவிட்டுக் கிளம்பினார்.

பிரியதர்ஷினி திரிஷாவின் பக்கம் திரும்பினாள். அழுகை வந்துவிட்டது. ஆனால் புத்தி கலங்கவில்லை.

"மாமா தூக்கிட்டு வந்துடும். நாளைக்கு? நாள மறுநாளு? மறுபடி போவாதா? அது தெனமும் போவும்க்கா. ஒருநாள் லாரி நிக்காது." அவள் லேப்டாப்பைத் தள்ளி திரிஷாவின் பக்கம் வைத்தாள். "மாத்திடுக்கா."

"எத?"

"அந்தக் குரல. வூட்டுலதான் செத்தான்னு சொல்ல வையி. ஒரு நம்பர்தானே? ஒரே ஒரு நம்பர மாத்தினா மாறிடும்னு அண்ணனே சொல்லிக்கிது."

உண்மைதான். மேகத்திலிருந்து எவ்வளவு தூரம் வரை 'வீடு' என்று சொல்லலாம் என்பதற்கு ஓர் எண் உண்டு. அதைப் பெரிதாக்கினால் வானத்தில் யாருமே வீடில்லாமல் சாக மாட்டார்கள். திரிஷா அந்த வரியைத் திறந்தாள். விரலை வைத்தாள்.

எடுத்துவிட்டாள்.

ஒருமுறை அவளே சலித்துப்போய் அந்த எண்ணைக் கொஞ்சம் இழுத்துவிடலாமா என்று கேட்டபோது விமல் சிரித்தது ஞாபகம் வந்தது. "நம்ம இஷ்டத்துக்கு நம்பர ஆட வெக்கிறதுன்னா, பேசாம கோயில் வாசல்ல கிளி வெச்சிக்கினு குந்திடலாம் திரிஷா." செத்தவன் குரலில் பொய் பேச வைப்பதா? அதுவும் அவன் அம்மாவிடமா?

"அக்கா! அங்க எங்கம்மா நடுரோட்டுல நிக்குதுக்கா!"

"இரு பிரியா. ஒரு நிமிஷம். அவன் இன்னா பார்த்தான்னு நான் பார்க்கணும்."

விமல் போட்ட மேப்பைத் திறந்தாள். கறுப்புத் திரையில் வெள்ளைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு பிறப்பு மேகம். புதிதாக வெடித்த நட்சத்திரத்துக்குச் சிவப்புப் பெருக்கல் குறி. அது எல்லாப் புள்ளிகளையும் விட்டு விலகி, கறுப்பில் தனியாகக் கிடந்தது. ப்ரோக்ராம் பொய் சொல்லவில்லை. அந்தக் கேலக்ஸியின் அசல் போட்டோவையும் இறக்கப் பார்த்தாள். நெட் சுற்றிக்கொண்டே இருந்தது. பேட்டரி சிவப்பில் வந்தது.

"சார்ஜர் மாட்டு பிரியா."

பிரியதர்ஷினி அவசரமாக எடுத்து நீட்டினாள். சார்ஜர் நழுவித் தறிக்குழிக்குள் விழுந்தது. திரிஷாவே குனிந்தாள். கை எட்டவில்லை. பெரியநாயகி கால் வைக்கும் அந்தக் குழிக்குள் இறங்கி உட்கார்ந்து, தடவி எடுத்து, நிமிர்ந்தாள்.

தலைக்கு மேலே புடவை.

அந்த வீட்டுத் தறியில் புடவை குப்புறத்தான் வளரும். நெய்கிறவள் கண்ணுக்குத் தெரிவது புடவையின் முதுகு. முகம் கீழே, குழியைப் பார்த்து இருக்கும். இதுவரை நாற்காலியிலிருந்து முதுகை மட்டுமே பார்த்திருந்த திரிஷா, இப்போது கீழே இருந்து முகத்தைப் பார்த்தாள். அரக்குப் பட்டில் ஜரிகைக் கிளிகள் வரிசையாக, வானத்தில் பறப்பதைப் போல, அவள் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தன.

எல்லாக் கிளியும் வலப்பக்கம் பார்த்தது.

மேலே இருந்து பார்த்தபோது அவை இடப்பக்கம் அல்லவா பார்த்தன?

குழியிலிருந்து ஏறி, சார்ஜரை மாட்டி, மேப்பை மறுபடி பார்த்தாள்.

பூமியின் மேப்பை மேலே இருந்து பார்க்கிறோம்; கிழக்கு வலப்பக்கம். வானத்தைக் கீழே இருந்து அண்ணாந்து பார்க்கிறோம். வானத்தின் படத்தில் கிழக்கு இடப்பக்கம். ஆராய்ச்சிக்கு வருகிற எல்லோருக்கும் முதல் மாதம் இது குழப்பும். ஆனால் பிறந்ததிலிருந்து தறிமேட்டில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, முதுகைப் பார்த்தே முகத்தைப் புரிந்துகொண்டு வளர்ந்த பிள்ளைக்கு? அவன் கண் எப்போதும் மேலே இருந்துதான் பார்க்கும்.

"பிரியா, உங்கண்ணன் முதன்முதல்ல குறிச்ச கேலக்ஸி இது. வந்த புதுசுல, மொத வாரம் குறிச்சது."

"அதுக்கு?"

"கிழக்கு மேற்க மாத்திப் போட்டுட்டான். மொத்த மேப்பும் திரும்பி இருக்குது. இத்தனை வருஷமா இந்தக் கேலக்ஸியில யாரும் வெடிக்கல. அதனால யாரும் கண்டுபுடிக்கல."

போட்டோ வந்து இறங்கியது. இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். கேலக்ஸியின் சுருண்ட கைகள். கைகளின் ஓரமெல்லாம், சாக்கடையில் ஓடிய சாயத்தண்ணீரின் அதே ரோஜா நிறத்தில் திட்டுத் திட்டாக மேகங்கள். திரிஷா விமலின் புள்ளிகளைப் போட்டோவின் மேல் வைத்தாள். பாதிப் புள்ளிகள் வெறும் இருட்டில் விழுந்தன. இடம் வலமாகத் திருப்பி வைத்தாள்.

எல்லாப் புள்ளிகளும் மேகங்களின் மேல் போய் உட்கார்ந்தன. ஒன்றுகூடத் தப்பவில்லை.

சிவப்புக் குறி இருந்த இடத்திலேயே இருந்தது. அதைச் சுற்றி இப்போது இருட்டு இல்லை. அந்தக் கேலக்ஸியிலேயே பெரிய மேகம், அதன் நட்டநடு.

"வூட்டுலயே செத்தான்" என்றாள் பிரியதர்ஷினி.

"வூட்டுலயேதான்."

சொன்ன பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று இருவருக்குமே தெளிவாக இல்லை.

*

இருவரும் ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தபோது கூட்ரோட்டில் துரைக்கண்ணுவின் கார் ஓரமாக நின்றிருந்தது. அவர் டீக்கடை வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார். கத்துவதைத் தவிர அவரால் எதுவும் செய்ய முடியவில்லை. நாலு வழி ரோடு. நடுவே இடுப்பளவு தடுப்புச் சுவர். அதையொட்டி, போகிற லாரிக்கும் சுவருக்கும் இடையில் ஓராள் அகல இடத்தில், பெரியநாயகி. லாரிகள் ஹாரனை அழுத்திக்கொண்டே அவளை உரசிப் பறந்தன. முந்தானை ஒவ்வொரு லாரிக்கும் பின்னாலேயே இழுபட்டுப் போய்த் திரும்பி வந்தது.

"கிட்டப் போனா இன்னும் உள்ள எறங்குதும்மா" என்றார் துரைக்கண்ணு. முகமெல்லாம் வேர்வை. "கைய நீட்டினேன். லாரி முன்னாடி ஒரு அடி வெச்சிட்டா. எனுக்கு உசுரே பூட்ச்சு."

டீக்கடைக்காரர் வீராசாமி கடையை விட்டு வெளியே வந்து நின்றிருந்தார். "ரொம்ப நேரமா நிக்குதும்மா. விமலு, இந்தாண்ட வாடா, இந்தாண்ட வாடான்னு கூப்பிட்டுக்கினே இருக்குது." குரலைத் தாழ்த்தினார். "தப்பா நெனைக்காத. அது கூப்புட்ற விதத்துல, எனுக்கே எழுந்து போயிடலாம்னு இருந்துச்சு. இங்க டீ குடிச்சினு இருந்த டிரைவருங்க ரெண்டு பேரு பாதி கிளாஸ்ல எழுந்து வண்டியெடுத்துக்கினு பூட்டாங்க."

திரிஷா ரோட்டைக் கடந்தாள். எப்படிக் கடந்தாள் என்று அப்புறம் கேட்டபோது அவளால் சொல்ல முடியவில்லை. தடுப்புச் சுவர் கொதித்தது. பெரியநாயகிக்குப் பத்தடி தள்ளியே நின்றுகொண்டாள்.

"ஆன்ட்டி."

"கிட்ட வராத பாப்பா. வந்தா அவன் பயந்துடுவான்."

"வரல ஆன்ட்டி. ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு நிக்கிறேன். அவன் மேப்பத் தப்பா போட்டுட்டான். காலைல வந்த சேதி தப்பு."

பெரியநாயகி திரும்பினாள். கண் வெயிலில் சிவந்து கிடந்தது. "எனுக்காகச் சொல்றியா?"

"இல்ல."

"என்ன இட்டுனு போறதுக்குச் சொல்றியா?"

"இல்ல ஆன்ட்டி. தப்புன்னு இருந்தா தப்புன்னு சொல்வேன். காலைல கேட்டீங்க, உள்ளதச் சொன்னேன். அதுக்குத்தான் இப்ப இங்க நிக்கிறீங்க. இப்பவும் உள்ளதத்தான் சொல்றேன்."

அவள் நம்பவில்லை. முகத்திலேயே தெரிந்தது. "நீ சொல்லி இன்னா? அவன் சொல்லட்டும்" என்று மறுபடி ரோட்டைப் பார்த்தாள். "விமலு! இந்தாண்டடா!"

திரிஷா தன் போனை எடுத்தாள். திருப்பிப் போட்ட மேப்பை வீட்டிலிருந்தே ஏற்றிவிட்டிருந்தாள். ப்ரோக்ராமை மறுபடி ஓட்டினால் போதும். 'பொறந்த எடத்துலயே' என்று வந்துவிடும். அழுத்தினாள்.

வரவில்லை.

லாரி போயிற்று. பஸ் போயிற்று. இன்னொரு லாரி. பெரியநாயகி ஒரு காலைக் கீழே, வண்டிகள் ஓடுகிற பாதையில் வைத்தாள். எதிர்ப்பக்கம் பிரியதர்ஷினி அலறினாள்.

"யம்மா" என்றது அவள் இடுப்பு.

கால் அங்கேயே நின்றது.

"யம்மா. தப்பா சொல்ட்டேம்மா."

திரிஷா தன் போனைப் பார்த்தாள். இது அவளுக்குத் தெரிந்த குரல்தான். தெரியாத வார்த்தைகள். இரண்டு சேதிதான் உண்டு என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். சொன்னது பிற்பாடு தப்பு என்று ஆனால் என்ன செய்வது என்று அவன் யோசித்திருக்கிறான். மூன்றாவதாக ஒன்று பேசி வைத்திருக்கிறான். யாரிடமும் சொல்லவில்லை.

"அவன் வழியில பூவல. வூட்டுலதான் இருந்தான். நான்தான் சரியா பாக்கல."

சேதி அத்தோடு முடிந்திருக்க வேண்டும். பதிவை நிறுத்த மறந்திருக்கிறான். போனிலிருந்து தறி ஓடுகிற சத்தம் வந்தது. டக், டக், டக். அதற்கும் பின்னாலிருந்து, தூரமாக, ஒரு பெண் குரல்:

"டேய் விமலு! எவ்ளோ நேரம்டா வாசல்லயே நிப்ப? உள்ள வாடா, சோறு ஆறுது!"

பெரியநாயகியின் குரல்.

போனுக்கு வெகு அருகில், சிரித்துக்கொண்டே, அவன்:

"தோ, வந்துட்டேம்மா."

அவ்வளவுதான். லாரி இரைச்சல் மட்டும் மிச்சம்.

பெரியநாயகி ரோட்டிலிருந்து காலை எடுத்தாள். சுவரில் சாய்ந்தாள். திரிஷா மெல்ல நகர்ந்து அருகே வந்து அவள் கையைப் பிடித்தாள். உதறவில்லை. கை கொதித்தது.

"அது பழசு ஆன்ட்டி" என்றாள் திரிஷா. சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் இவ்வளவு தூரம் உண்மையைச் சொல்லிவிட்டு இப்போது நிறுத்த முடியவில்லை. "எப்பவோ பேசி வெச்சது."

"தெரியும்டி. அன்னிக்கு கத்திரிக்கா கொழம்பு." பெரியநாயகி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "பழசோ புதுசோ. நான் கூப்ட்டேன். வந்துட்டேன்னான். உனுக்குக் கேட்டுச்சா இல்லியா?"

"கேட்டுச்சு."

"அப்ப வா. வூட்டுக்குப் போலாம். இவ்ளோ நேரம் அவன வெய்யில்ல நிக்க வெச்சிட்டேன்."

*

காரில் பின்சீட்டில் பெரியநாயகி ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்தாள். பக்கத்தில் உட்காரப் போன பிரியதர்ஷினி, அம்மாவின் கை அந்தக் காலி இடத்தின் மேல் இருப்பதைப் பார்த்து, முன்சீட்டுக்குப் போனாள். துரைக்கண்ணு அதைக் கண்ணாடியில் பார்த்தார். வழியெல்லாம் அவர் வாய் திறக்கவில்லை. அந்த மனிதர் அவ்வளவு நேரம் பேசாமல் வந்தது அதுவே முதல் தடவையாக இருக்கும். பின்னாலேயே ஸ்கூட்டரில் வந்த திரிஷா, சிக்னலில் நின்றபோது கார்க் கண்ணாடி வழியாகப் பார்க்காமல் இருக்கத் தலையைக் குனிந்துகொண்டாள்.

சந்துக்குள் கார் போகாது. முனையில் இறங்கி நடந்தார்கள். பெரியநாயகி முன்னால். நடையில் இப்போது அவசரம் இல்லை. துணையோடு பேசிக்கொண்டு நடக்கிற நடை. பேச்சு மட்டும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் பட்டம்மாள் "எங்க போய்ட்டு வர்ற பெரியநாயகி?" என்று கேட்டுக்கொண்டே வாசலுக்கு வந்தவள், பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

துரைக்கண்ணு நாலு எட்டு முன்னால் போய் வீட்டு வாசற்படியில் ஏறிவிட்டார். வழக்கம் அவருக்குள் தானாக எழுந்தது. "ரோட்டுல நின்னுட்டு வந்திருக்கிற. மொதல்ல தலைக்குத் தண்ணி ஊத்திக்கினு அப்புறம்..."

"அண்ணே" என்றாள் பெரியநாயகி.

படிக்குக் கீழே நின்றிருந்தாள். அன்றைக்கு ஐஸ் பெட்டி இருந்த அதே இடம். குரல் உயரவில்லை. கெஞ்சவும் இல்லை.

"கொஞ்சம் ஒத்துணே. புள்ள உள்ள போவட்டும்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தங்கையின் முகத்தைப் பார்த்தார். பிறகு அவளுக்குப் பக்கத்திலிருந்த வெறும் இடத்தைப் பார்த்தார். அங்கே என்ன கண்டாரோ, என்ன காணவில்லையோ, அதை அப்புறம் அவர் யாரிடமும் சொன்னதில்லை. கட்சிக் கூட்டத்தில் மந்திரியே வந்தாலும் அசையாத அந்தப் பெரிய உடம்பு ஒருபக்கமாகத் திரும்பியது. முதுகைக் கதவோடு ஒட்டவைத்து, தொப்பையை எக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சுகூட விடாமல், ஓராள் தாராளமாகப் போகிற அளவுக்கு வழிவிட்டு நின்றார்.